வேர்ட்பிரஸ் குறிச்சொற்கள்: இரண்டு வருடம் பயன்படுத்திய ஒரு நூலகரின் மதிப்பீடு

போன ஆடி மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, செம்பருத்தியில வெள்ளையா பஞ்சு மாதிரி அப்பிக்கிட்டு இருக்கு. நீங்க இதைப் பத்தி எழுதியிருந்தீங்களே, எங்கே இருக்கு?"

எழுதியிருந்தேன். என் மாடித்தோட்ட வலைப்பதிவில் மாவுப்பூச்சியைப் பற்றி மட்டும் நான்கு பதிவுகள். "இரும்மா, லிங்க் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுத் தேட உட்கார்ந்தேன். பதிவைத் தேடி எடுப்பதற்காக அதோடு ஒட்டி வைக்கும் சொல்தான் குறிச்சொல் (tag). 'பூச்சி மேலாண்மை' என்ற குறிச்சொல்லில் இரண்டு பதிவுகள் கிடைத்தன. 'பூச்சி விரட்டி'யில் ஒன்று. நான்காவதற்குப் பதினோரு குறிச்சொற்கள் போட்டிருந்தேன். 'அனுபவம்', 'இயற்கை', 'வீட்டுக் குறிப்பு' எல்லாம் இருந்தன, 'மாவுப்பூச்சி' இல்லை. கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் போனிலேயே சொல்லி முடித்தேன்: தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளி.

கும்பகோணத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். கேட்பவர் கையில் கேட்ட புத்தகத்தைக் கொடுப்பதுதான் என் தொழிலாக இருந்தது. என் சொந்த எழுத்தை என்னாலேயே எடுத்துக் கொடுக்க முடியவில்லை என்பது அன்று மிகவும் உறுத்தியது. அடுத்த ஒரு மாதம் புதிதாக எதுவும் எழுதாமல் என் வலைப்பதிவை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் குறிச்சொல் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாடித்தோட்டம் பற்றியோ சமையல் பற்றியோ தமிழில் தொடர்ந்து எழுதும் யாருக்கும் இது உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வேர்ட்பிரஸில் பதிவுகளைப் பிரித்து அடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பகுப்பு, அதற்குள் உட்பிரிவு வைக்கலாம், ஒவ்வொரு பதிவும் ஏதாவது ஒரு பகுப்பில் இருந்தே ஆக வேண்டும். இன்னொன்று குறிச்சொல், அதில் மேல் கீழ் கிடையாது, போடாமலும் விடலாம். 2007இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து குறிச்சொல் வசதி உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பகுப்பு அலமாரி என்றால் குறிச்சொல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவு. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வேர்ட்பிரஸின் நிர்வாகப் பக்கமான டாஷ்போர்டில் குறிச்சொற்கள் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எத்தனை பதிவுகளில் இருக்கிறது என்ற எண்ணிக்கை தெரியும். அந்தத் தலைப்பின் மேல் ஒரு தட்டு தட்டினால் எண்ணிக்கை வரிசையில் அடுக்கிக் கொடுத்துவிடும். இந்த வசதியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நான் தட்டிப் பார்த்தபோது 214 பதிவுகளுக்கு 611 குறிச்சொற்கள் இருந்தன. அவற்றில் 438 ஒரே ஒரு பதிவில் மட்டும் இருந்தவை. இரண்டு பதிவுகளில் இருந்தவை 97. மூன்றும் அதற்கு மேலும் என்று பார்த்தால் 76தான். ஒரே ஒரு பதிவில் இருக்கும் குறிச்சொல்லைத் தட்டுகிறவருக்கு அவர் இப்போதுதான் படித்து முடித்த அதே பதிவு திரும்ப வந்து நிற்கும். அவருக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்!

இத்தனை சேர்ந்ததற்குக் காரணம், நிறையப் போட்டால் கூகுளில் மேலே வரும் என்று யாரோ சொன்னதை நம்பியது. அவர்கள் மனதில் வைத்துச் சொன்னது பக்கத்தின் நிரலுக்குள் ஒளித்து வைக்கும் மெட்டா கீவேர்டை. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. குறிச்சொல் அதுவும் அல்ல. வாசகர் கண்ணால் பார்த்துக் கையால் தட்டும் சொல் அது. ஆகவே வாசகரை நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யோசித்தபோது எனக்குக் கைகொடுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1933இல் புத்தகங்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டவர். எந்த விஷயத்தையும் ஐந்து கோணங்களிலிருந்து பார்க்கலாம் என்பது அவர் வகுத்தது: ஆளுமை, பொருள், செயல், இடம், காலம். படிக்கும் காலத்தில் மனப்பாடம் செய்தது, என் மொட்டை மாடிக்கு அப்படியே பொருந்தியது. எந்தச் செடி? என்ன போட்டேன்? என்ன செய்தேன்? எங்கே? எப்போது? இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டு, அந்தப் பதிவுக்கு உண்மையிலேயே பதில் இருக்கிற கேள்விக்கு மட்டும் ஒரு சொல்.

ஒரு பதிவை எடுத்துக் காட்டினால் புரியும். காய்த்து ஓய்ந்த கத்தரிச் செடியைப் பிடுங்காமல், தரையிலிருந்து முக்கால் அடி விட்டு வெட்டி, வேப்பம் பிண்ணாக்கும் மண்புழு உரமும் போட்டு மறுபடி காய்க்க வைத்ததை எழுதியிருந்தேன். பழைய குறிச்சொற்கள்: தோட்டம், மாடித்தோட்டம், இயற்கை, இயற்கை விவசாயம், காய்கறி, கத்தரிக்காய், அறுவடை, அனுபவம், கும்பகோணம், செடி வளர்ப்பு, மறுதாம்பு. இவற்றில் 'மாடித்தோட்டம்' என்பது என் எல்லாப் பதிவுகளுக்கும் பொருந்தும்; எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. 'அனுபவம்' என்று யாரும் தேடி வரமாட்டார்கள். 'மறுதாம்பு' சரியான சொல், வெட்டிய செடி மறுபடி துளிர்த்துக் காய்ப்பதை விவசாயிகள் சொல்வது. ஆனால் என்னிடம் கேட்கும் அடுக்குமாடிக் குடியிருப்புப் பெண்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "செடியை கவாத்து பண்ணலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். இப்போது அந்தப் பதிவில் மூன்றே சொற்கள்: கத்தரி, கவாத்து, வேப்பம் பிண்ணாக்கு.

மறுதாம்பு என்ற சொல்லை நான் விட்டுவிடவில்லை. பதிவின் முதல் பத்தியிலேயே சேர்த்துவிட்டேன். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. வேர்ட்பிரஸோடு வரும் தேடல் பெட்டி பதிவின் தலைப்பு, சுருக்கம், உடல் ஆகியவற்றில்தான் தேடும். குறிச்சொல்லில் தேடாது. ஒரு சொல்லைக் குறிச்சொல்லில் மட்டும் போட்டுவிட்டு எழுத்தில் எங்கும் பயன்படுத்தவில்லை என்றால் தேடுகிறவருக்கு அந்தப் பதிவு கிடைக்காது. வட்டார வழக்கு, ஆங்கிலப் பெயர், செடியின் வேறு பெயர்கள் எல்லாவற்றுக்கும் இடம் பதிவின் உடல்தான்.

அப்புறம், தமிழுக்கென்றே இருக்கும் தொல்லை. கத்தரி, கத்தரிக்காய், கத்திரிக்காய் மூன்றும் வேர்ட்பிரஸுக்கு மூன்று சொற்கள். பூச்சிக்கட்டுப்பாடு என்று சேர்த்து எழுதியது ஒன்று, பூச்சிக் கட்டுப்பாடு என்று இடம் விட்டது ஒன்று, ஒற்று விட்டுப்போனது இன்னொன்று. நூலக அட்டைகளில் இதற்கு நாங்கள் வைத்திருந்த வழி 'காண்க' என்ற குறிப்பு. கத்திரிக்காய் என்ற அட்டையை எடுத்தால் 'காண்க: கத்தரி' என்று இருக்கும். இந்த 'காண்க' வசதி வேர்ட்பிரஸில் இல்லை. எனக்கு உண்மையிலேயே குறையாகப்படுவது இது ஒன்றுதான்.

சமாளிக்க இரண்டு வழிகள் வைத்திருக்கிறேன். எழுதும்போது குறிச்சொல் பெட்டியில் சில எழுத்துகள் தட்டியதுமே ஏற்கனவே இருக்கும் சொற்கள் கீழே வரிசையாக வந்து நிற்கும். அதிலிருந்து எடுப்பது மட்டும்தான். புதிதாகத் தட்டி என்டர் அடிப்பதில்லை. இரண்டாவது, ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் விளக்கம் எழுத ஒரு பெட்டி உண்டு. அதில் 'கத்திரிக்காய், கத்தரிக்காய் பற்றியவையும் இங்கே' என்று ஒரு வரி. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருவைத் தீம் என்பார்கள்; எல்லாத் தீமும் இந்த விளக்கத்தைக் காட்டாது. நான் முன்பு வைத்திருந்த இலவசத் தீம் காட்டவில்லை, அதற்காகவே வேறு தீமுக்கு மாறினேன்.

முகவரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் தனிப் பக்கம் உண்டு, அதன் முகவரியில் அந்தச் சொல் வரும். இணைய முகவரியில் தமிழ் அப்படியே போகாது, குறியீடாக மாறும். க ஒன்றுக்கு ஒன்பது எழுத்துக்கான இடம். கு என்றால் க, உகரக் குறி இரண்டும் சேர்ந்து பதினெட்டு. வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியிருக்கும் இடம் மொத்தம் 200. கணக்குப் போட்டால் 22 குறிகளுக்குத்தான் இடம், புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணி. மாவுப்பூச்சிக்கு 12 போதும், பிரச்சினை இல்லை. 'மாடித்தோட்டப் பூச்சிக்கட்டுப்பாடு' என்று வைத்தால் முகவரி 'மாடித்தோட்டப்-பூச்சிக்க' என்று பாதியில் நின்றுவிடும். திரையில் தெரியும் பெயருக்கு ஒன்றும் ஆகாது, பக்கமும் திறக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக நான்கு வரிக்கு நீண்டு, ஏதோ வைரஸ் லிங்க் போல இருக்கும். குறிச்சொல்லைத் திருத்தும் பக்கத்தில் முகவரிக்கென்று இருக்கும் ஸ்லக் என்ற கட்டத்தில் ரோமன் எழுத்தில் சின்னதாக நாமே கொடுத்துவிட்டால் தீர்ந்தது. புதிதாக உருவாக்கும்போதே கொடுங்கள். பிறகு மாற்றினால் பழைய முகவரியை வைத்திருப்பவர்களுக்குப் பக்கம் கிடைக்காமல் போகலாம்.

611ஐக் குறைத்தது எப்படி என்றால், ஒரு பதிவு மட்டும் இருந்த 438ஐயும் நோட்டில் எழுதிக்கொண்டு ஒன்றொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலானவை நேராக அழிப்பு. குறிச்சொல்லை அழித்தால் பதிவு அழியாது, பயப்பட வேண்டாம். ஒரே பொருளில் பல சொற்கள் இருந்தவற்றை இணைக்க வேண்டியிருந்தது. இரண்டை ஒன்றாக்க நேரடி பொத்தான் வேர்ட்பிரஸில் கிடையாது. பழைய குறிச்சொல் உள்ள பதிவுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, புதியதைச் சேர்த்து, பிறகு பழையதை அழிக்கலாம். டாக்ஸோபிரஸ் என்ற பிளகின் (கூடுதலாக நிறுவும் துணை நிரல்) இருந்தால் இணைப்பு வேலை சுலபம். நான் பாதிக்கு மேல் அதில்தான் செய்தேன். முடித்தபோது 58 இருந்தன.

கூகுளின் இலவச வலைப்பதிவுத் தளமான பிளாகரில் எழுதுகிறவர்கள் கேட்பார்கள், அங்கேயும் குறிச்சொல் போல லேபிள் இருக்கிறதே என்று. நானும் முதல் மூன்று வருடம் அங்கேதான் இருந்தேன். செலவே இல்லை, போடுவதும் எளிது. ஆனால் பிளாகரின் லேபிள் பக்கங்கள் எல்லாம் தேடல் முகவரிக்குக் கீழே வரும். இயல்பான அமைப்பில் அந்த முகவரிகளைத் தேடுபொறிகள் திரட்ட வேண்டாம் என்று ரோபாட்ஸ் கோப்பில் தடை இருக்கும். அதனால் 'மாவுப்பூச்சி' லேபிள் பக்கத்தை எவ்வளவு அழகாகத் தொகுத்தாலும் கூகுள் வழியாக யாரும் நேராக அங்கே வந்து சேர்வது கஷ்டம். வேர்ட்பிரஸில் அந்தத் தடை இல்லை. நான் மாறியதற்கு முதல் காரணம் இதுதான், மாறியது சரி என்றே நினைக்கிறேன்.

வேர்ட்பிரஸில் வலைப்பதிவு நடத்த இடம் தரும் தளமான வேர்ட்பிரஸ்.காமில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ரீடர் என்ற பகுதியில் குறிச்சொல்லை வைத்துப் பிறருடைய பதிவுகளைப் படிக்கலாம். பகுப்பும் குறிச்சொல்லும் சேர்த்துப் பதினைந்தைத் தாண்டினால் அந்தப் பதிவு அங்கே வராது. மூன்று நான்கோடு நிறுத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

நூறு பதிவுகளுக்கு மேல் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வசதியை மனதார சிபாரிசு செய்வேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மீதி ஒன்று அந்த 'காண்க'வுக்காக. பத்துப் பதினைந்து பதிவுகளோடு இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் பகுப்பு மட்டும் போதும். ஒரே விஷயத்தைப் பற்றி மூன்றாவது பதிவு எழுதும் நாளில் அதற்கு ஒரு குறிச்சொல் வையுங்கள், முந்தைய இரண்டிலும் போய்ச் சேர்த்துவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு மாவுப்பூச்சி பக்கத்தின் லிங்க்கை அனுப்பிவிட்டேன், நான்கு பதிவுகளும் ஒரே இடத்தில். கிச்சன் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் 'சித்திரைப்பட்டம் – 2' என்று எழுதி வைத்திருக்கிறேன், சித்திரை விதைப்பைப் பற்றி இதுவரை இரண்டு பதிவுகள் என்று அர்த்தம். வெண்டையைப் பற்றி இன்னொன்று எழுதியதும் அதுவும் ஐம்பத்தொன்பதாவதாகச் சேரும்.