சுவரில் ஒன்றரை வருஷம்: பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் சார்ட்

ஆங்கிலச் சொற்களை வகை பிரித்துக் காட்டும் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் சார்ட் ஒன்று என் சுவரில் ஒன்றரை வருஷமாகத் தொங்குகிறது. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் டியூஷன் எடுக்கும் நண்பர், "அந்த சார்ட் இப்ப அம்பது ரூவாய்க்குக் கிடைக்குதே, வாங்கி மாட்டலாங்களா?" என்று கேட்டார். எட்டுக் கட்டம், கட்டத்துக்கொரு நிறம், லேமினேஷன், எல்லோரும் பார்த்ததுதான். ஒன்றரை வருஷமாகியும் நிறம் மங்கவில்லை, ஓரம் பிரியவில்லை. கோளாறு எழுத்தில்.

அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: தமிழில் 'ஆன' வந்தால் அட்ஜெக்டிவ் (பெயரை வருணிப்பது), 'ஆக' வந்தால் அட்வெர்ப் (வினையை வருணிப்பது). அழகான கோலம், அழகாகப் போட்டாள். மலையாளம் மீடியம் பிள்ளைகளுக்கு 'மனோஹரமாய', 'மனோஹரமாயி' என்று மாற்றிச் சொன்னால் போதும், கப்பென்று பிடித்துக்கொள்கிறார்கள். இலக்கண வகுப்பில் இவ்வளவு சுலபமான திறவுகோல் கிடைப்பது அபூர்வம்.

அதே வரிதான் கழுத்தையும் அறுக்கிறது. 'பூ அழகாக இருக்கிறது' என்று கொடுத்துப் பாருங்கள். 'ஆக' வந்துவிட்டதே என்று 'தி ஃபிளவர் இஸ் பியூட்டிஃபுலி' என்று எழுதி வைப்பார்கள். தமிழில் இப்படி வருணித்து 'இரு' என்று முடித்தால் பெரும்பாலும் 'ஆக' ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பூவைத்தான் வருணிக்கிறது. மலையாளத்தில் 'பூவு மனோஹரமாணு' என்று முடிந்துவிடுவதால் அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வாக்கியத்தில் குழப்பமில்லை. நம் பிள்ளைகள்தான் விழுகிறார்கள். லுக், ஃபீல், டேஸ்ட், ஸ்மெல், சவுண்ட் எல்லாவற்றிலும் இதே தொல்லை.

வழி இருக்கிறது. அந்த வெர்பை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'தி டீ டேஸ்ட்ஸ் பிட்டர்', 'தி டீ இஸ் பிட்டர்': பொருள் நிற்கிறது, ஆகவே அட்ஜெக்டிவ். 'ஷீ டேஸ்டட் தி டீ கேர்ஃபுலி'யில் 'இஸ்' நுழையாது, அட்வெர்ப்.

அட்வெர்ப் கட்டத்தில், சொல்லின் கடைசியில் வரும் 'எல்ஒய்'யைக் காட்டிப் பெரிய அம்புக்குறி வேறு. ஃபிரெண்ட்லி, லோன்லி, காஸ்ட்லி மூன்றும் அட்ஜெக்டிவ் என்று ஓரத்தில் மார்க்கரால் எழுத வேண்டியிருந்தது. 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் உழைப்பாளி. அம்புக்குறியை நம்பி 'ஹார்ட்லி' போட்டு 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் அந்த ஆள் வேலையே செய்யாதவன்!

பேக் என்ற சொல்லை நௌனில் போட்டு 'முதுகு' என்று முடித்துவிட்டார்கள். 'பேக் தி லாரி' வெர்ப், 'கம் பேக்' அட்வெர்ப், 'பேக் டோர்' அட்ஜெக்டிவ். ரவுண்ட் ஐந்து கட்டத்தில் உட்காரும். சார்ட்டில் ஒன்றில்தான் இருக்கிறது. தனிச் சொல்லைக் காட்டி வகை கேட்பதே தப்பு, வாக்கியமாக அட்டையில் எழுதிக் கேட்க வேண்டும். கேரள பிஎஸ்சி என்ற அரசு வேலைத் தேர்வாணையத்தின் பரீட்சைக்குப் படிப்பவர்கள் இந்தக் கட்டங்களை மனப்பாடம் செய்து போகவே கூடாது. ஒரு தப்புக்கு மூன்றில் ஒரு மார்க் கழியும்.

நண்பரிடம் வாங்கச் சொல்லிவிட்டேன். அம்பது ரூபாய் அந்தப் பொடி வரிக்கே தகும். மேலே இருக்கும் எட்டுக் கட்டத்தையும் மறைத்து ஒரு காலண்டர் மாட்டிக்கொள்ளட்டும்.