சனிக்கிழமை வாடகை: சென்னையின் மூன்று ஹோட்டல் சந்தைகள்

ஒரே சென்னை, ஒரே சனிக்கிழமை. கிண்டியில் ரூம் வாடகை இறங்கும். கடற்கரையோரக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) ஏறும். கிரீம்ஸ் ரோட்டில் அன்றைக்கு என்ன கிழமை என்றே யாரும் பார்ப்பதில்லை. நட்சத்திரக் கணக்கு கிடக்கட்டும். யார் காசில் யார் தங்குகிறார் என்று பார்த்தால் இந்த ஊரின் ஹோட்டல் தொழில் புரிந்துவிடும்.

கிண்டி, பழைய மாமல்லபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) ஹோட்டல்களை ஓட்டுவது கம்பெனிக் காசு. திங்கள் முதல் வியாழன் வரை நிறையும்; வெள்ளி மாலை பெட்டியை இழுத்துக்கொண்டு எல்லோரும் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் பெரிய கண்காட்சி இருந்தால் வார இறுதியும் தப்பிக்கும். 2012-ல் 600 அறைகளோடு ஐ.டி.சி. கிராண்ட் சோழா வந்தது நகரின் நடுவிலுள்ள நுங்கம்பாக்கத்தில் அல்ல, கிண்டியில். காசு தெற்கே நகர்ந்த கதை அதிலேயே இருக்கிறது.

இங்கே வாடகையை வரியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. 7,400 ரூபாய் அறைக்கு பில் 7,770. வாடகையை 200 ரூபாய் ஏற்றி 7,600 ஆக்கினால் பில் 8,968! அதோடு முடியவில்லை. ஒரு அறை அந்த 7,500 ரூபாய் வரம்பைத் தாண்டினாலும், அடுத்த நிதியாண்டு முழுக்க அந்த ஹோட்டல் ரெஸ்டாரன்டில் தின்னும் தோசைக்கும் 18 சதவீதம். பல ஹோட்டல்கள் 7,500-க்குக் கீழேயே பதுங்குவதில் ஆச்சரியமே இல்லை.

ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகள் இதற்கு நேர் எதிர். வெள்ளி, சனி இரண்டு ராத்திரியில் வாரச் சம்பளத்தை எடுத்தாக வேண்டும். கல்யாணம், கம்பெனி அவுட்டிங் வந்தால் லாபம். செவ்வாய்க்கிழமை நீச்சல் குளத்தில் காக்கை குளிக்கும். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த மாதிரி வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். என்னைக் கேட்டால், குடும்பத்தோடு போகிறவர்கள் கிண்டிக்குச் சனிக்கிழமையும் ஈ.சி.ஆரில் உள்ள கோவளத்துக்குச் செவ்வாய்க்கிழமையும் போகலாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த சந்தை. 1983-ல் அப்பல்லோ மருத்துவமனை வந்த கிரீம்ஸ் ரோட்டைச் சுற்றி லாட்ஜ்களும் சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகளும் முளைத்தன. வங்க மொழிப் பலகை, மீன் குழம்புச் சாப்பாடு, ரூமுக்குள் காஸ் அடுப்பு. நோயாளி ஒருவர், துணைக்கு இரண்டு பேர். 'ரிப்போர்ட் வர இன்னும் நாலு நாள் ஆகும்' என்று டாக்டர் சொன்னால் தங்கலும் நாலு நாள் நீளும். வாடகை குறைவுதான், ஆனால் அறை காலியாவது அபூர்வம். ஏர்போர்ட்டிலிருந்து ஆயிரம் விளக்குக்கு நேரே மெட்ரோவும் உண்டு. வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும் என்பதால் ரிசப்ஷனில் முதலில் கேட்பது பாஸ்போர்ட்டைத்தான்.

இவ்வளவு உறுதியான சந்தைக்கும் அடி விழுந்தது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தபின் இங்கே சிகிச்சைக்கு வரும் வங்கதேசத்தவருக்கு இந்திய விசா சுருங்கியது. கிண்டி ஹோட்டல் என்றால் வாடகையைக் குறைத்து வேறு கம்பெனியைப் பிடிக்கும். இங்கே எவ்வளவு குறைத்தாலும், விசா கிடைக்காத நோயாளி வந்து கதவைத் தட்டப்போவதில்லை.