மிர்ஈஸி மினி கிட்: லுகேமியா மாதிரிகளுக்கு வாங்கலாமா?

செல்களிலிருந்து மைக்ரோ ஆர்என்ஏ உட்பட எல்லா ஆர்என்ஏவையும் பிரித்தெடுக்கும் இந்தக் கிட்டை லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) மாதிரிகளுக்கு வாங்கலாம். ஆனால் மாதிரி சுத்தமாக இருந்தால் மட்டுமே போட்ட காசுக்குப் பலன் கிடைக்கும்.

மரபணுக்களின் வேலையை அடக்கும் மைக்ரோ ஆர்என்ஏவின் நீளம் சுமார் 22 நியூக்ளியோடைடுதான். சாதாரண ஆர்என்ஏ கிட்டில் 70% எத்தனாலைச் சம அளவு சேர்ப்பதால், 200 நியூக்ளியோடைடுக்குக் குறைந்தவை பெரும்பாலும் வடிகுழலின் (column) சவ்வில் ஒட்டாமல் கழிவோடு போய்விடும். கியாஜென் நிறுவனத்தின் இந்தக் கிட் 1.5 மடங்கு சுத்த எத்தனால் கேட்பது அதனால்தான். எத்தனாலும் குளோரோஃபார்மும் பெட்டியில் வராது, தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செல்களை 700 மைக்ரோலிட்டர் கியாசாலில் (கிட்டோடு வரும், ஃபீனாலும் குவானிடின் உப்பும் கலந்த கரைசல்) கரைத்து 5 நிமிடம் விட்டு, 140 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம் ஊற்றி 15 வினாடி பலமாகக் குலுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, 4 டிகிரியில் 12,000 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றினால் அடியில் சிவப்பும் நடுவில் வெள்ளைப் படலமும் மேலே நிறமற்ற நீரும் பிரிந்து நிற்கும். மேல்நீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்ச ஆசைப்படாதீர்கள். படலம் துளி ஏறினாலும் டிஎன்ஏவும் ஃபீனாலும் கூடவே வரும். 350 மைக்ரோலிட்டர் மேல்நீர் எடுத்தால் 525 எத்தனால், ஆக 875. வடிகுழல் ஒரு தடவைக்கு 700தான் கொள்ளும் என்பதால் இரண்டு தவணையாக ஏற்றுங்கள். எத்தனால் கலந்தபின் தாமதிக்கவும் கூடாது, ஏற்றுவதற்கு முன் சுழற்றவும் கூடாது. ஆர்என்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் குறைந்தால் பெரும்பாலும் குவானிடின் உப்புதான் மிச்சம். கிட்டிலுள்ள ஆர்பிஈ என்ற கழுவு பஃபரில் இன்னொரு கழுவல் போதும். கழிவில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றவே கூடாது, நச்சு வாயு வரும்.

கிட்டால் சரிசெய்ய முடியாதது சிவப்பணுக் கலப்பு. சிவப்பணுவில் மிர்-451ஏ, மிர்-16 என்ற மைக்ரோ ஆர்என்ஏக்கள் இரண்டும் ஏராளம். நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியாவில் 13-ஆம் குரோமோசோமின் 13க்யூ14 பகுதி அழிந்து மிர்-15ஏ, மிர்-16-1 தொலைவது 2002-இல் தெரியவந்தது. அவை செல் சாவதைத் தடுக்கும் பிசிஎல்2 புரதத்தை அடக்குபவை. இல்லாவிட்டால் சாக வேண்டிய செல் சாகாது. மாதிரியில் சிவப்பணு மிஞ்சினால் தொலைந்த மிர்-16 இருப்பதுபோலவே காட்டும். முடிவே தலைகீழாகிவிடும்! சிவப்பணு மிஞ்சியிருக்கிறதா என்றறிய, ஒவ்வொரு மாதிரியிலும் மிர்-451ஏ-யையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

ஒப்பீட்டிலும் இதே கவனம் வேண்டும். மிர்-223, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகையில் மிக அதிகம். ஏஎம்எல் (தீவிர மைலாய்டு லுகேமியா) நோயின் முதிராத பிளாஸ்ட் செல்களை நலமானவரின் முழு ரத்தத்தோடு ஒப்பிட்டால் மிர்-223 குறைந்ததாகத் தெரியும். அது நோயின் வேலையா, நியூட்ரோஃபில் இல்லாததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நலமானவரின் முதிராத சிடி34 செல்கள்தான் ஒப்பிடப் பொருத்தமான துணை.

பெங்களூரில் ஓசூர் ரோடு மருத்துவமனையிலிருந்து பெல்லாரி ரோடு ஆய்வகத்துக்கு மாதிரி போகிறதென்றால் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைக் கணக்கில் வையுங்கள். ரத்தம் உறையாதிருக்க ஈடிடிஏ குழாய்தான் வேண்டும், ஹெப்பாரின் மைக்ரோ ஆர்என்ஏவை அளக்கும் பிசிஆரைத் தடுக்கும். முடிந்தால் மருத்துவமனையிலேயே வெள்ளணுக்களைப் பிரித்துக் கியாசாலில் கரைத்து, உலர்பனியில் அனுப்பச் சொல்லுங்கள். பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தக் கிட்டை விட்டுவிட்டு அதற்கென்றே உள்ள சீரம்/பிளாஸ்மா கிட்டை எடுங்கள்.