97 சதவீத வெயிலைத் தடுக்கும் ஃபிலிம்: 1,150 டாலர் தண்டம் அழுத கதை

டெக்சஸில், ஆஸ்டின் பக்கம் ட்ராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு) வைத்திருக்கும் நம்மாட்கள் இப்போது நிறையப் பேர். ஜன்னலுக்கு ஃபிலிம் ஒட்டினால் அடுத்த கோடையைச் சமாளித்துவிடலாம் என்று யாராவது நினைத்திருந்தால், பணத்தை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். விவகாரம் இன்னும் முடியவில்லை.

எங்களுடையது 24 அடி வண்டி. கொரோனா அடங்கியதும் பழசாக வாங்கியது. கூரையில் ஒரே ஏசி, 13,500 பிடியூ. நம்மூர்க் கணக்கில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஊரில் ஒரு படுக்கையறைக்கு அது தாராளம். இங்கே சுவர் கனமே இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம், சுற்றிலும் எட்டு ஜன்னல். 2023 கோடை எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்: ஜூலை 8இல் தொடங்கி 45 நாள், ஒரு நாள்கூட உச்ச வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வரவில்லை.

அதற்கு முன்னாலேயே, ஜூனில், ஊரிலிருந்து வந்திருந்த அத்தையை ஒரு ராத்திரி ட்ரெய்லரில் தங்க வைத்தோம். காலையில் எழுந்து வந்து, "திருமங்கலத்துல தகரக் கொட்டாய்ல படுத்தாக்கூட இப்படி வேகாது மாப்ள" என்றார். மாமியார் வாயால் இதைக் கேட்ட மருமகன் என்ன செய்வான்? மறுநாளே ஃபிலிம் கடை தேடிக் கிளம்பினேன்.

கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். மேஜை மேல் ஒரு பெட்டி, அதில் 250 வாட் சிவப்பு பல்பு. கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வைப்பார்களே, அதேதான். முன்னால் இரண்டு கண்ணாடித் துண்டுகள், ஒன்றில் ஃபிலிம் ஒட்டியது. வெறும் கண்ணாடிக்குப் பின்னால் கை வைத்தால் சுட்டது. ஃபிலிம் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன், சில்லென்று இருந்தது. "செராமிக், 97 சதவீத வெப்பம் தடுக்கும்" என்றார். பத்து எண்ணுவதற்குள் விளக்கை அணைத்துவிட்டார். அந்தப் பத்து நொடியில்தான் வியாபாரமே முடிகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பின்னால் அதே மாதிரி பல்பு ஒன்றை வாங்கி, எங்கள் ஜன்னலுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் எரிய விட்டுப் பார்த்தேன். கண்ணாடியைத் தொட முடியவில்லை. வெப்பத்தை உறிஞ்சும் ஃபிலிம் தானும் சூடாகும், அந்தச் சூட்டில் ஒரு பங்கை உள்ளே இருப்பவர் மேல்தான் விடும்.

அந்த 97 எப்படி வருகிறது என்று சொல்கிறேன். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய 53 சதவீதம் அகச்சிவப்பு, 44 சதவீதம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, மிச்சம் புற ஊதா. கடையில் சொல்லும் 97 அகச்சிவப்புக்கு மட்டும். அதிலும் முழுசாக இல்லை. அகச்சிவப்பு 780 நானோமீட்டரில் தொடங்கி 2,500 வரை போகிறது; பல ஃபிலிம்களில் 900க்கும் 1,000க்கும் இடையே ஒரு துண்டை மட்டும் அளந்து போடுகிறார்கள். ஒரு கேள்விக்கு முழு மார்க் வாங்கிய பையன் பரீட்சையிலேயே முதல் என்று அவன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மாதிரி. கேட்க வேண்டிய எண் வேறு: டி.எஸ்.இ.ஆர்., அதாவது மொத்த வெயிலில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்ற கணக்கு. 97 என்று விளம்பரம் செய்யும் ஃபிலிமுக்கு இது 50, 60 என்று நிற்பது சாதாரணம். அந்த எண்ணும் பெரும்பாலும் தெளிவான கண்ணாடியில் ஒட்டி அளந்தது. எங்கள் வண்டியின் ஜன்னல்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே கறுப்பு. ஏற்கெனவே ஒரு பகுதி வெயிலை அதுவே தடுத்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம் தெரியாமல் 1,150 டாலருக்குச் சரி சொன்னேன். முன்பணம் 400 ஸெல்லில் (Zelle, பேங்க் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் வசதி), "கார்டுன்னா மூணு சதவீதம் கூட ஆகும்" என்றார். மீதி 750 கிரெடிட் கார்டில்.

ஜூன் கடைசியில் ஒட்டினார்கள். ஒரே ஆள், மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டான். குளியலறைக் கூரையில் ஒரு குமிழ் ஜன்னல் உண்டு, அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். அதிலும் ஒட்டிவிட்டுப் போனான். "இதையும் சேர்த்தே போட்டுட்டேன், எக்ஸ்ட்ரா இல்ல" என்றபோது டிப்ஸ் வேறு கொடுத்தேன்.

ஜூலை நடுவில் இன்க்ஸ் ஏரி ஸ்டேட் பார்க் போனோம். வெளியே 103. ஃபிலிம் ஒட்டுவதற்கு முன் இதே மாதிரி ஒரு மதியம் ஏசி ஓடும்போது உள்ளே 91 இருந்தது. இப்போது 90. ஒரு டிகிரி! கடைக்கு ஃபோன் போட்டேன். "ஃபிலிம் செட் ஆக முப்பது நாள் ஆகும், பொறுங்க" என்றார். ஃபிலிமுக்கு அடியில் தங்கிய ஈரம் காய முப்பது நாள் வரை ஆகும் என்பது உண்மைதான். புகை படிந்த மாதிரி ஒரு மங்கல், சின்னச் சின்ன நீர்த்திட்டுகள் எல்லாம் அதற்குள் போய்விடும். ஆனால் வெப்பம் தடுப்பதற்கும் ஈரம் காய்வதற்கும் என்ன சம்பந்தம்? முதல் நாள் தடுக்காதது முப்பதாம் நாளும் தடுக்காது. அந்த முப்பது நாளில் கார்டு பில்லின் கெடு வந்துவிடும், அவ்வளவுதான்.

இரண்டே வாரத்தில் குளியலறைக் குமிழில் கொப்புளம் கிளம்பியது. முதலில் மிளகு மிளகாக, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி. அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகள் சூடானால் உள்ளிருந்து ஈரமும் வாயுவும் கசியும். ஃபிலிம் மூடியிருந்தால் அவை போக வழியின்றி அடியிலேயே ஊதிக்கொள்ளும். தொழில் தெரிந்த யாரும் அதில் சாதா ஃபிலிம் ஒட்ட மாட்டார்கள். (சில வண்டிகளில் ஜன்னல்களே இரட்டை அக்ரிலிக்தான். ஓரத்தில் தட்டிப் பாருங்கள், கண்ணாடியின் சத்தம் வராது.) ஆகஸ்டில் வண்டியைக் கழுவும்போது படுக்கைப் பக்க ஜன்னலடியில் தண்ணீர் கசிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், ஃபிலிமை வெட்டிய கத்தி ஜன்னலைச் சுற்றியிருக்கும் ரப்பரிலும் ஓடியிருந்தது. நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. ட்ரெய்லருக்குள் தண்ணீர் இறங்கினால் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் உளுத்துப்போகும். வெயிலைவிடப் பெரிய வினை அது.

வெட்டி மிஞ்சிய ஒரு ஃபிலிம் துண்டை, ஒட்ட வந்தவன் எங்கள் ட்ரெய்லர் அலமாரியிலேயே விட்டுப் போயிருந்தான். அதை வேறொரு கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் ஒரு வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துப் பசைப் பக்கம் தேய்த்தார். துணி கருத்துவிட்டது. "செராமிக்கில் சாயம் வராது, இது பசையிலேயே சாயம் கலந்த மலிவு ஃபிலிம்" என்றார். அகச்சிவப்பு மீட்டரில் வைத்துக் காட்டினார், 30 சொச்சம். 97ஆம்! பில்லில் எழுதியிருந்த கம்பெனியின் தளத்தில் உத்தரவாதப் பதிவைத் தேடினேன், என் பெயரில் எதுவும் இல்லை. பில்லில் ரோல் எண்ணும் இல்லை. அதைக் கேட்டு வாங்கியிருந்தால் முதல் நாளே குட்டு உடைந்திருக்கும்.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி ஜூலையிலேயே சந்தேகப்பட்டு, கார்டு பில்லைத் தானாகக் கட்டும் ஆட்டோபேயை நிறுத்தி, அந்த 750ஐ மட்டும் கட்டாமல் வைத்திருந்தாள். அதுதான் காப்பாற்றியது. கார்டில் வாங்கிய பொருளோ வேலையோ மோசம் என்றால், தொகை 50 டாலருக்கு மேல் இருந்து, வாங்கிய இடம் நம் மாநிலத்துக்குள்ளோ வீட்டிலிருந்து 100 மைலுக்குள்ளோ இருந்து, கடையிடம் முதலில் பேசிப் பார்த்தும் இருந்தால், இன்னும் கட்டாத தொகையைத் தர மாட்டேன் என்று கார்டு கம்பெனியிடம் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. கொப்புளப் படங்கள், துணி கருத்த வீடியோ, பெரியவர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம், எல்லாம் அனுப்பினோம். 750ஐத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஸெல்லில் போன 400? உண்டியலில் போட்டது போலத்தான்.

அதைச் சும்மா விடவில்லை. டெக்சஸில் ஏமாற்று வியாபாரத்துக்கு எதிரான சட்டப்படி நஷ்ட ஈடு கேட்க, வழக்குக்கு 60 நாள் முன்னால் எழுத்தில் அறிவிக்க வேண்டும். 20,000 டாலர் வரை ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே, வக்கீல் வைக்காமல் போடலாம். பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். கெட்ட ரப்பருக்கான செலவையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன்.

வண்டி குளிர்ந்ததா என்று கேட்பீர்கள். குளிர்ந்தது, அத்தையால். இன்க்ஸ் ஏரியில் அந்த மதியமே, "ஏன் மாப்ள, வெயில உள்ள விட்டுட்டு அப்பறம் வெரட்டுறதுக்கு எதுக்கு இம்புட்டு காசு?" என்று கேட்டுவிட்டு, என் வேட்டியை நனைத்து மேற்கு ஜன்னலுக்கு வெளியே கட்டினார். எனக்கு மானம் போனது. ஆனால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. கண்ணாடியில் படும் முன்பே வெயிலை நிறுத்திவிட்டால் உறிஞ்சுவதற்கே ஒன்றும் இல்லையே. அப்புறம் நிழல்வலைத் துணி வாங்கி ஜன்னல்களுக்கு வெளியே கொக்கி போட்டு மாட்டினேன். கூரையில் 14 அங்குலக் காற்றுத் திறப்புகளில் பஞ்சுத் திண்டு அடைத்தேன். அந்த மெல்லிசு பிளாஸ்டிக் மூடி வழியே இறங்கிய வெயிலை இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. ஆனிங் (வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் துணிப் பந்தல்) இருக்கும் பக்கம் மேற்கே பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துகிறேன். எல்லாம் சேர்த்து 140 டாலர். ஆகஸ்ட் கடைசியில், வெளியே 102 இருந்த மதியம் உள்ளே 84.

நல்ல ஃபிலிம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டு ஜன்னலுக்கு அதே பெரியவரிடம்தான் போட்டேன். கேட்காமலே ரோல் எண்ணைப் பில்லில் எழுதித் தந்தார்.

கடிதம் கிடைத்தது என்று கடைக்காரர் கையெழுத்துப் போட்ட தபால் ஆபீஸ் பச்சை அட்டை செப்டம்பர் 18 அன்று திரும்பி வந்தது. நவம்பர் நடுவில் 60 நாள் முடிகிறது. எல்லா ஜன்னலிலும் ஃபிலிமை உரித்துவிட்டேன். குளியலறைக் கூரையில் இருக்கும் அப்பளத்தை மட்டும் தொடவில்லை, ஜட்ஜ் பார்க்கட்டும்.