எஸ்.எஸ். கேட்டில் உப்புக் கறை: எதைப் போட்டு எடுப்பது, எதைப் பூசிக் காப்பது?

காரைக்குடி, கோட்டையூர், தேவகோட்டை பக்கம் வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் துருப்பிடித்த இரும்பு கேட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ். கேட் மாட்டுவது வழக்கமாகிவிட்டது. படிக்குக் கைப்பிடி, மொட்டைமாடிக்கு ரெயிலிங், பின்கட்டில் துணி துவைக்கிற இடத்துத் தொட்டி, எல்லாம் அதே எவர்சில்வர்தான். பெயிண்ட் செலவு மிச்சம் என்கிற கணக்கு சரிதான். ஆனால் கொஞ்ச மாதத்தில் கேட்டின் அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்துவிடும். அதற்கு மேலே பளபளப்பு அப்படியே இருக்கும். தினமும் காலையில் வாசல் தெளிக்கிறோமே, அந்தத் தண்ணீர் தெறித்து, வெயிலில் காய்ந்து, விட்டுவிட்டுப் போகிற உப்பு அது. கோலப்பொடியும் கூடவே கொஞ்சம் சேர்ந்துகொள்ளும்.

போர் தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட், தண்ணீர் ஆவியாகும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறி ஒட்டிக்கொள்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. ஆக, குடிக்கத் தகுந்த தண்ணீரும் ஸ்டீலில் கறை போடும். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பெருமையாகப் பேசுவோம், சரி; வாசல் தெளிக்க அதையா பிடித்து வைக்கிறோம்?

கையில் எதையும் எடுப்பதற்கு முன் கறை எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது செம்மண் பூமி. காற்றடிக்கிற மாதங்களில் கேட்டில் படிகிற செந்தூசி, தூரத்திலிருந்து பார்த்தால் துரு மாதிரியே இருக்கும். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துப் போனால் அது மண். போகாமல் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டினால் துரு. வெள்ளைத் திட்டின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்; பொடிப்பொடியாக நுரை கிளம்பினால் சுண்ணாம்புக் கறை, புளிப்புக்குக் கரையும். நுரையும் வராமல் கறையும் அசையாமல் இருந்தால் சிலிக்கா கலந்திருக்கலாம். அதற்குப் பற்பசை மாதிரி மிக மென்மையாகத் தேய்க்கிற பொருள்தான் வழி.

கறையை எடுப்பதில் போட்டி புளி, எலுமிச்சை, வினிகர், சிட்ரிக் ஆசிட் நான்குக்கும் நடுவில். நம் வீடுகளில் முதலில் கை போவது புளிக்கு. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பழகிய கை அது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், அதில் குறையில்லை. வம்பு கூட வருகிற உப்பில் இருக்கிறது. எவர்சில்வருக்குப் பளபளப்பைத் தருவது அதன் மேல் தானாகவே உருவாகும் குரோமியம் ஆக்ஸைடு படலம். கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசி முனை அளவில் துளைத்து உள்ளே இறங்கும். அப்படி விழுந்த குழியைத் துடைத்து எடுக்க முடியாது. பித்தளை வைத்தியம் பித்தளையோடு இருக்கட்டும்.

எலுமிச்சை நல்லதுதான். கைப்பிடி, பெயர்ப்பலகை என்றால் பாதிப் பழம் போதும். முழு கேட்டுக்கு எத்தனை பழம் பிழிவது? வினிகர் அதைவிட வசதி. கடையில் கிடைப்பதில் அசிட்டிக் அமிலம் சுமார் 4 சதவீதம், அப்படியே பயன்படுத்தலாம். வீச்சம் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிடும். என் ஓட்டு சிட்ரிக் ஆசிட் பொடிக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் கரைத்தால் எலுமிச்சைச் சாற்றைவிடப் புளிப்பு குறைவு, ஆனால் வேலை முடியும். விலை மலிவு, வாசனை கிடையாது, பொடியாக இருப்பதால் கெட்டும் போகாது.

செய்முறையில் பெரிய வித்தை இல்லை. வெயில் ஏறுவதற்கு முன், கம்பி சூடாகாத நேரத்தில், முதலில் வெறும் தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவுங்கள். மண்ணோடு தேய்த்தால் கீறல் விழும். கரைசலில் நனைத்த பழைய பருத்தித் துணியைக் கறையின் மேல் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். துணியை எடுக்கும்போது பாதிக் கறை அதோடு வந்துவிடும், மிச்சத்தை மென்மையான ஸ்பாஞ்சால் துடைக்கலாம். மேட் ஃபினிஷ் என்றால் கோடு ஓடுகிற திசையிலேயே கை ஓட வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, உடனே காய்ந்த துணியால் ஒத்தி எடுங்கள். அலசியதைத் தானாகக் காயவிட்டால், எடுத்த கறை அன்றைக்கே திரும்பி வரும். சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்துப் பொங்க வைப்பதைப் பலர் செய்கிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும், கறைக்கு ஒன்றும் மிஞ்சாது.

செட்டிநாட்டு வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படிக் கைப்பிடியைத் துடைக்கும்போது கீழே சொட்டுவது எங்கே விழுகிறது? ஆத்தங்குடி டைல்ஸ் சிமெண்டில் செய்தது. முகப்பில் பளிங்குக் கல் போட்ட வீடுகளும் உண்டு, சுவரோ சுண்ணாம்புப் பூச்சு. கேட்டில் இருக்கிற சுண்ணாம்பைக் கரைக்கிற அதே புளிப்பு இவற்றையும் அரிக்கும். டைல்ஸில் விழுந்த சொட்டு மங்கலான வட்டமாக நின்றுவிடும், எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் பழைய மினுமினுப்பு வராது. கீழே ஈரச் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்கே வரக்கூடாதவை மூன்று. ஒன்று, கழிவறை ஆசிட். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெள்ளைத் திட்டு நொடியில் போகும், பின்னாலேயே கறுப்பும் குழியும் வரும். புதிதாக டைல்ஸ் பதித்த இடத்தைக் கழுவ ஊற்றுகிற ஆசிட்டின் புகை பட்டாலே பக்கத்து கிரில் பழுப்பாகிவிடும். இரண்டு, பிளீச்சிங் பவுடர். மூன்று, கம்பி நார். அது விட்டுப்போகிற இரும்புத் துணுக்குதான் பிறகு துருப்பிடித்து, ‘எவர்சில்வரே துருப்பிடிக்குது’ என்று பெயர் வாங்கித் தரும். சாம்பலும் பாத்திரப் பொடியும் கண்ணாடி மாதிரி மின்னுகிற பாலிஷைக் கீறும், தொட்டிக்கு வேண்டுமானால் பரவாயில்லை.

சரி, எடுத்தாயிற்று. திரும்ப வராமல் எதைப் பூசுவது?

தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது. நாலு சொட்டைத் துணியில் விட்டுத் தேய்த்தால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், பார்க்கவே நன்றாக இருக்கும். ஒரு வாரம் கழித்து அந்த எண்ணெயின் மேல் செம்மண் தூசி பூசிக்கொண்டு நிற்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், காற்றுப் பட்டு நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். எண்ணெய்தான் வேண்டும் என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் மேல். அது சிக்குப் பிடிக்காது. ஆனால் அதுவும் வெளியில் நீண்ட நாள் தங்காது.

கார் வேக்ஸ் வேறு ஜாதி. சுத்தமாகத் துடைத்துக் காய்ந்த பரப்பில், நிழல் விழும் நேரத்தில் மெல்லிசாகத் தடவி, சற்று உலரவிட்டுத் துணியால் துடைத்தெடுத்தால், தொட்டாலும் பிசுபிசுக்காது. தூசி ஒட்டுவதும் எண்ணெயை விடக் குறைவு. நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது தேய்த்துப் பளபளப்பாக்குகிற காம்பவுண்ட் கலக்காததாகப் பாருங்கள். சிலிக்கான் ஸ்ப்ரே அடிப்பது சுலபம், ஆயுள் குறைவு. படிக் கைப்பிடியில் அடித்தால் பிடி வழுக்கும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வேண்டாம். கிளியர் லாக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) அடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். ஓரத்தில் ஒரு இடம் உரிந்தால் போதும், அடியில் தண்ணீர் புகுந்து தேங்கி அங்கேயே கறையாகும்.

ஆள் குடியிருக்கிற வீட்டுக்கு இது எதுவுமே தேவைப்படாது என்பது என் கட்சி. வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு கேட்டின் அடியை ஒரு காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் உப்பு படிய வழியே இல்லை. ஆனால் இங்கே பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. பொங்கலுக்கும் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்து திறக்கிறவர்களுக்கு வேக்ஸ்தான் சரி. போகிற அன்று பூசிவிட்டுப் போகலாம். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒரு விஷயம் சொல்லி வையுங்கள்: மழையில் நனைகிற கேட்டை விட, தாழ்வாரத்துக்கு அடியில் நனையாமல் இருக்கிற ரெயிலிங்குக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும். வெளியில் இருப்பதை மழை கழுவிவிடும். உள்ளே தூசியும் உப்பும் சேர்ந்துகொண்டே போகும், பனி ஈரம் பட்டுப் பட்டு ஊறும்.

இத்தனைக்கும் கீழே ரகம் என்று ஒன்று இருக்கிறது. 304 என்கிற எவர்சில்வர் ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். விலை குறைவான 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். புதிதில் வித்தியாசமே தெரியாது, இரண்டு மழைக்காலம் போனால் தெரியும். காந்தம் வைத்துப் பார்ப்பது பலிக்காது, இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது. இதற்கென்று விற்கிற சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டால் 202 சிவக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316, தொண்டி மாதிரிக் கடலோர வீட்டுக்குத் தேவை. காரைக்குடிக்கு 304 போதும். உலோக அரிப்பை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் நம் ஊரிலேயே இருக்கிறது, இருந்தும் கேட் வாங்கும்போது நாம் கேட்பது டிசைனைப் பற்றித்தான்.

வெல்டிங் அடித்த இடம் மட்டும் பழுப்பாகிறது என்றால் அது தண்ணீர்க் கறை இல்லை. சூட்டில் அங்கே படலம் கெட்டிருக்கும், மேலே சொன்ன எதற்கும் அது மசியாது. கேட் செய்தவரையே கூப்பிட்டு, பிக்லிங் பேஸ்ட் (வெல்டிங் கறையை எடுக்கிற அமிலப் பசை) போட்டுச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். கேட் மாட்டின அன்றே மேலே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளையும் உரித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்து பசை இறுகிவிட்டால் அதைச் சுரண்டுவது தனி வேலை.