மெனேஜர் சரியில்லன்னா என்ன செய்யலாம்: பொறுத்துக்கிறதா, சங்கமா, லேபர் ஒபிஸா, விலகுறதா?

நம்ம மலையகப் பக்கம் யாராவது வேலையில நிம்மதி இல்லன்னு சொன்னா வர்ற பதில் ரெண்டுதான். பெரியவங்க "பொறுத்துப் போ"ன்னுவாங்க, கூட்டாளிங்க "விட்டுட்டு கொழும்புக்கு வா"ன்னுவாங்க. நடுவுல இன்னும் ரெண்டு வழி இருக்கு, அத யாரும் பெருசா பேசுறதில்ல.

பொறுத்துக்கிறது தேயிலைத் தோட்டத்துல ஓரளவு சரிவரும், ஏன்னா துரை, அதாவது தோட்டத்து மெனேஜர், என்னைக்காவது மாத்தலாகி போவாரு. ஹட்டன் டவுன் கடையில முதலாளிதான் மெனேஜர், அவர் எங்க மாறிப்போறது?

ஆனா தோட்டத்துலயும் நடுவுல மாட்டுறவங்க பாடு வேற. ஃபீல்ட் ஒபிசரா இருக்கிற பையனை பாருங்க, காலையில ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துல எல்லார் முன்னாலயும் துரை "கொழுந்து ஏன் குறைஞ்சது"ன்னு கத்துவாரு, மழை இல்லாம மலை காஞ்சு கிடக்குறது அவருக்கும் தெரியும், ஆள் கேட்டா ஆள் தரமாட்டாரு, உரம் கேட்டா பதிலே வராது, கடைசியில அதே பையன்தான் போய் அக்காமாருகிட்ட "இன்னைக்கு அரைப்பேரு, பாதிச் சம்பளம்தான்"னு சொல்லி அவங்க வாயிலயும் விழணும். இவனுக்கு பொறுமைய பத்தி பாடம் எடுக்கிறவங்கள கண்டா எனக்கு ஆத்திரம்தான் வருது.

சங்கம்னா, மாசாமாசம் சந்தா பிடிக்கிறாங்கல்ல, அப்ப தலைவரை கூப்பிட்டு கேக்குறதுல தப்பே இல்ல. எல்லாருக்கும் பொதுவான பிரச்சினைன்னா, கொழுந்து நிறுக்கையில கூடுதலா கழிக்கிறது மாதிரி, தலைவர் போய் துரை முன்னால உக்காந்தா வேலை நடக்கும். உங்க ஒருத்தர் பிரச்சினைன்னா கொஞ்சம் கஷ்டம், அதுலயும் நீங்க வேற சங்கம்னா இன்னும் கஷ்டம். டவுன் கடைகள்ல சங்கமே கிடையாது. சங்கம் பதியணும்னா 7 பேராவது வேணும், நிறைய கடையில மொத்தமே அஞ்சாறு பேர்தான்.

அதனால டவுன்ல வேலை செய்றவங்களுக்கு நான் அரசாங்கத்தோட லேபர் ஒபிஸ்னுதான் சொல்லுவேன். ஆனா ஒண்ணு, "என்ன மதிக்கிறாங்க இல்ல, எப்ப பாத்தாலும் ஏசுறாங்க"ன்னு போய் நின்னா அங்க ஒண்ணும் நடக்காது, எண்ணிக் காட்டக்கூடியத கொண்டு போகணும். உங்க சம்பளத்துல 8% ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டுறாங்க, முதலாளி 12% போடணும், ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% அவரே கட்டணும், போட்டிருக்காங்களா? கடை, ஒபிஸ்னா வாரத்துக்கு 45 மணித்தியாலம், அதுக்கு மேல ஓவர்டைம், ஒன்றரை மடங்கு, குடுத்தாங்களா? மோசமா நடத்துற இடத்துல பெரும்பாலும் இதுலயும் ஓட்டை இருக்கும். ஒரு கொப்பில வந்த நேரம் போன நேரம் எழுதி வைங்க, இரவு பதினொரு மணிக்கு "நாளைக்கு லீவு இல்ல"ன்னு வர்ற வட்ஸ்அப் மெசேஜ அழிச்சிடாதீங்க. தமிழ்லயே எழுதிக் குடுக்கலாம். இதுல உள்ள குறைன்னா, விசாரணை இழுபடும், சின்ன டவுன்ல முறைப்பாடு யார் குடுத்ததுன்னு பொழுது சாயுறதுக்குள்ள தெரிஞ்சிரும்.

விலகுறது கடைசி, அதுவும் கோவத்துல வேணாம். 15 பேருக்கு குறையாம வேலை செய்ற இடத்துல 5 வருஷம் முடிச்சிருந்தா, நீங்களா விலகினாலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு, மாசச் சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம், 1983ஆம் வருஷச் சட்டம். நாலரை வருஷத்துல தூக்கிப்போட்டுட்டு வந்தா அது போச்சு. ஈ.பி.எஃப் காசு கைக்கு வரும்னு நம்பி விலகுறவங்களும் இருக்காங்க, சாதாரணமா ஆம்பளைங்களுக்கு 55, பொம்பளைங்களுக்கு 50 வயசாகணும்.

அப்புறம் "நீயே எழுதிக் குடுத்துட்டு போ"ன்னு ரெசிக்னேஷன் கடுதாசிய நீட்டுவாங்க பாருங்க, அங்க கையெழுத்து வைக்காதீங்க. அவங்களா நிப்பாட்டினா 6 மாசத்துக்குள்ள வேலைத் தகராறு விசாரிக்கிற தொழில் நியாய சபைக்கு போகலாம், நீங்களே எழுதிக் குடுத்துட்டா, வற்புறுத்தித்தான் எழுத வச்சாங்கன்னு நிரூபிக்கிற பாரம் உங்க தலையில விழும்.