சுவாசக் காற்றுக் கொம்பிரசர்: வீட்டில் கழுவுவதா, பட்டறைக்கு அனுப்புவதா?

சுழியோடிகளின் சிலிண்டரை நிரப்பும் கொம்பிரசரை நுவரெலியாவில் வைத்திருப்பவர், பராமரிப்பு நாள் வந்ததும், வீட்டிலேயே கழற்றிக் கழுவுவதா, லொறியில் ஏற்றிக் கொழும்புப் பட்டறைக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

எண்ணெய், வடிகட்டி, பெல்ட் ஆகியவற்றை மாற்றுவதும் தேங்கிய நீரை வடிப்பதும் வீட்டு வேலைகளே. மூடுபனியின் ஈரம் சும்மா கிடக்கும் வால்வுகளில் துருவேற்றும் ஊரில் இவற்றைத் தள்ளிப்போடுவது சரியல்ல. ஆனால் வீட்டில் கை முதலில் நீள்வது மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குத்தான், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. உலோகத்தில் தங்கிய மண்ணெண்ணெய் அமுக்கத்தின் வெப்பத்தில் ஆவியாகிக் காற்றோடு சிலிண்டருக்குள் சென்றால், 30 மீற்றர் ஆழத்தில் சுற்றமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதைப் போல் நான்கு மடங்காக இருப்பதால், சுழியோடி சுவாசிக்கும் அந்த ஆவியின் பகுதியமுக்கமும் (காற்றுக் கலவையில் அந்த ஆவி மட்டும் தரும் அமுக்கம்) நான்கு மடங்காகிவிடும். வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, ஈரமின்றி உலர்த்துவதற்கு ஒரு பகல் முழுதும் போனாலும் அதுவே நல்லது.

காற்றைக் கடைசியாக அமுக்கும் இறுதிக் கட்டப் பிஸ்டனையும் பாதுகாப்பு வால்வையும் நான் வீட்டில் தொடமாட்டேன், ஏனெனில் அங்கே அமுக்கம் 200 பாருக்கு மேல் (ஒரு பார் என்பது ஏறத்தாழ கடல்மட்டக் காற்றமுக்கம்). காற்றுப் பரிசோதனையும் அவ்வாறே: கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, மூக்கை நம்ப முடியாது.

இன்னொன்று: சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் காற்றமுக்கம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு என்பதால் சிலிண்டர் நிரம்ப இங்கே கூடுதல் நேரம் எடுக்கும், அதைப் பிஸ்டன் வளையத் தேய்மானம் என்று எண்ணி இயந்திரத்தை மலையிறக்க வேண்டியதில்லை.